லிமாவில் கருகிய குக்கர்

மலிவாக டிக்கெட் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நாங்கள் குடியிருந்த பிஸ்கட்டவேயிலிருந்து லிமாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போனோம். எனக்குக் கல்யாணமாகி அமெரிக்கா வந்து இரண்டாவது வருஷம். கணவர் பிடித்திருந்த விடுதி அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் ஈரம். போர்வையில் யாருடைய வியர்வையோ நாறியது. குளியலறைத் துவாரத்தில் ஒரு கொத்து முடி அடைத்துக்கொண்டு கிடந்தது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றார்.

வெளியே சாப்பிடவும் விடவில்லை. எதில் என்ன கலந்திருக்குமோ என்று சொல்லி, பெட்டியிலிருந்து ரைஸ் குக்கரை எடுத்தார். அறையில் சமைக்கக் கூடாது என்று கதவிலேயே படம் ஒட்டியிருந்தது.

"இங்க வோல்டேஜ் வேறங்க. இது அமெரிக்காவுல வாங்கின குக்கர்."

"எஞ்சினியர் நானா, நீயா?"

ப்ளக்கைச் சொருகிய கொஞ்ச நேரத்தில் பட்டென்று வெடித்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். விடுதி முழுக்க விளக்கு போய்விட்டது. அரைவேக்காட்டுச் சோற்றோடு குக்கரை என் சால்வையில் சுருட்டி அலமாரிக்குள் திணித்தார்.

விடுதிக்கார அம்மாள் டார்ச்சோடு வந்து மோப்பம் பிடித்து, எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நோ, நோ," என்று சிரித்தபடி இவர் பக்கத்து அறையைக் கை காட்டினார். அங்கே கல்லூரிப் பெண்கள் இருவர் தங்கியிருந்தார்கள். அவள் போய் அவர்கள் பைகளைத் தரையில் கொட்டச் சொன்னாள். உள்ளாடைகள் வரை டார்ச் வெளிச்சத்தில் கிடந்தன. ஒருத்தி அழுதாள். இவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அறைக்குள் ஓடினேன். அலமாரியைத் திறந்து, கஞ்சி சொட்டச் சொட்ட அந்த மூட்டையைத் தூக்கிவந்து விடுதிக்காரியின் காலடியில் வைத்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா? இப்பிடி மாட்டி விடற?"

"அந்தப் பொண்ணுங்க அழறது கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு?"

விடுதிக்காரி அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். மொழி தெரியாவிட்டாலும் திட்டுவது புரிந்தது. மறுநாள் காலையில் எங்களை வெளியே அனுப்பிவிட்டாள்.

பெட்டிகளோடு ஒரு சதுக்கத்தில் நின்றோம். நான் பாட்டுக்குத் தள்ளுவண்டிக்குப் போய்ப் பொரித்த மரவள்ளிக்கிழங்கு வாங்கித் தின்ன ஆரம்பித்தேன். மொறுமொறுவென்று இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்தார். கேட்காமலே என் தட்டில் கைவைத்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பரவால்லையே, நல்லாத்தான் இருக்கு."

விரலை நக்கிவிட்டு மறுபடியும் கையை நீட்டினார். தட்டை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு வேறொன்று வாங்கப் போனேன்.