வாத்தியாரைக் கேளுங்கோ

முப்பத்தோரு வருஷம் போலீஸில் இருந்தேன். திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து காக்கி போட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான். மற்றவர்களெல்லாம் பாங்கு, செக்ரட்டேரியட், கோவில், கோர்ட் என்று ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். கல்யாணமான பிறகு தெருவில் 'சி.ஐ.டி. மாப்பிள்ளை' என்று ஒரு பட்டம் வேறு. ஒரு தடவை பக்கத்து வீட்டில் காணாமல் போன வெண்கலப் பானையைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். எடுத்தது அந்த வீட்டு மாமியின் சொந்தத் தம்பி என்று தெரிந்ததும் ஆறு மாதம் அங்கே எனக்குக் காபி கிடைக்கவில்லை. துப்புத் துலக்கினவனுக்கு எங்கள் தெரு கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. கோவில் சுவாமியை நீராட்ட ஊர்வலமாகக் கடலுக்குக் கொண்டுபோகிற ஆறாட்டு தினம். கிழக்கேகோட்டையில் பந்தோபஸ்துக்கு நின்றுகொண்டிருக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஜனங்கள் கயிற்றுக்கு மேலே வந்து விழுகிறார்கள். அப்போது பார்த்து எங்கள் தெரு மாமா ஒருவர் போன் பண்ணினார். அவர் பழைய வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கொல்லையில் அவருடைய அப்பா காலத்திலேயே மண் போட்டு மூடின கிணறு ஒன்று உண்டு. தூணுக்குக் குழி தோண்டும்போது அதிலிருந்து எலும்பாக வருகிறதாம். மாடோ நாயோ இருக்கும் மாமா என்றேன். மாடு மாதிரி இல்லைடா என்றார். எனக்கு எரிச்சல். ஒரு கையில் விசில், ஒரு கையில் போன்.

"வாத்தியாரைக் கேளுங்கோ மாமா. அவர் என்ன சொல்றாரோ அதைப் பண்ணிடுங்கோ. நான் டியூட்டில இருக்கேன்."

வாத்தியார் என்றால் எங்கள் தெருப் புரோகிதர். இவ்வளவுதான் நான் சொன்னது. முழுசாக அரை நிமிஷம்கூட இருக்காது. எத்தனை தரம் அந்த அரை நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப நினைத்து என்னையே செருப்பால் அடித்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா.

பத்து நாள் கழித்து அந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஏதோ சாந்தி, பரிகாரம் என்றார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் தோஷம் கழிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த எலும்பு விஷயம் எனக்கு ஞாபகமே வரவில்லை. பால் பாயசம் பிரமாதமாக இருந்தது, இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு நாள் காலையில் ஸ்டேஷனுக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். தென்காசிப் பக்கத்துக் கிராமம், பீடி சுற்றுகிற வேலை. தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும் ரைட்டர் என் மேஜையைக் கைகாட்டிவிடுவார், அப்படித்தான் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கொத்தனார் வேலைக்குத் திருவனந்தபுரம் வந்திருக்கிறான். மகள் பிறந்து நாற்பது நாள். அதோடு ஆளைக் காணோம். அப்போதே வந்து புகார் கொடுத்திருக்கிறார்கள். பழைய அலமாரியில் அந்தக் கோப்பு இருந்தது, 'காணவில்லை' என்பதற்கு மேலே அதில் ஒன்றுமில்லை.

கோப்பில் இல்லாததை ஊரே எழுதிவிட்டது. மலையாள தேசத்தில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு ஓடிப்போய்விட்டான் என்று. மாமியார் அதையே சொல்லிச் சொல்லி, புருஷனைப் பிடித்து வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவள் என்று இவளை வீட்டை விட்டே அனுப்பிவிட்டாள். இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் வருகிறவர்களெல்லாம் முதலில் கேட்பது அந்த ஓடிப்போன அப்பனைத்தான். மூன்று இடம் தட்டிப் போய்விட்டது. நாலாவதாக ஒரு இடம். பையனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, அவனுடைய அம்மாதான் பிடிகொடுக்காமல் நிற்கிறாள்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு வந்தாள் என்றால், சமீபத்தில் அவர்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார். கரமனையில் தான் வேலை பார்த்த ஒரு வீட்டில் குழி தோண்டும்போது எலும்பும், கூடவே ஒரு எவர்சில்வர் தூக்குவாளியும் கிடைத்ததாம். தூக்குவாளியில் தமிழில் பேர் வெட்டியிருந்ததாம். பொம்பளைப் பேர், பக்கத்திலேயே ஊர்ப் பேர். நம்ம ஊர்ப் பேராச்சே என்று ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். அது இவள் பேர். கல்யாணச் சீராகத் தாய்மாமன் வாங்கிக் கொடுத்த தூக்கு.

எந்தத் தெரு, எந்த வீடு என்று அவள் சொன்னாள். எங்கள் மாமா வீடுதான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் கையைக் கூப்பினாள். "ஐயா, யாரையும் பிடிச்சு ஜெயில்ல போடுங்கன்னு நான் கேக்க வரல. அவுக ஓடிப் போகலன்னு ஒரு வார்த்தை சர்க்கார் பேப்பர்ல எழுதித் தந்தாப் போதும்."

பார்க்கிறேன் அம்மா என்றேன். போலீஸ்காரன் சொல்கிற 'பார்க்கிறேன்' இல்லை, மனசார சொன்னேன்.

முதலில் அந்தக் கொத்தனாரைப் போய்ப் பார்த்தேன். விழிஞ்ஞம் பக்கம் ஒரு கட்டட வேலையில் இருந்தார். பயந்த மனுஷன், ஆனால் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார். மண்டை ஓட்டில் பின்பக்கம் ஒரு பிளவு. இரண்டு மணிக்கட்டு எலும்பையும் சேர்த்துக் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. கட்டடக் கம்பிகளை முடிச்சுப் போடுவார்களே, அந்த மெல்லிய கம்பி. கிணற்றில் தவறி விழுந்தவன் கையைத் தானே கட்டிக்கொண்டா விழுவான்?

அடுத்தது மாமா வீடு. கட்டி முடித்து டைல்ஸெல்லாம் பளபளவென்று இருந்தது. தூக்குவாளி எங்கே என்றேன். பழைய சாமான் வாங்குகிற ஆக்ரிக்காரனிடம் இரும்போடு போட்டாயிற்று என்றார். எலும்பு? வாத்தியார் சொன்னபடி புதுத் துணியில் கட்டி, பாலும் பன்னீரும் விட்டு, திருவல்லத்துக்குக் கொண்டுபோய் ஆற்றில் கரைத்தாயிற்று. கம்பியோடா என்று கேட்டேன். சேச்சே, கம்பியை வாத்தியார்தான் பொறுமையாகப் பிரித்து எடுத்துப் போட்டார், கட்டோடு போனால் ஆத்மா கரையேறாதே என்றார் மாமா.

வாத்தியாரையும் விடவில்லை, அங்கேயே கூப்பிட்டனுப்பினேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கோத்திரம் தெரியாததால் காசியப கோத்திரம் என்று சொல்லிக்கொண்டாராம். பேர் தெரியாததற்கும் சாஸ்திரத்தில் வழியிருக்கிறதாம். தில ஹோமம், பத்து நாள் பிண்டம், ஒன்றும் குறை வைக்கவில்லையாம். நிஜம்தான். சொந்தப் பிள்ளைகள்கூட இந்தக் காலத்தில் இவ்வளவு செய்வதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு எங்கள் தெரு அவ்வளவு சிரத்தையாகக் காரியம் பண்ணியிருக்கிறது. ஒரு பல்லாவது மிச்சம் வைத்தீர்களா என்று கத்தினேன். ஒரு பல் மிச்சமிருந்தால்கூட மகளுடைய ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்து, இவன்தான் என்று நிரூபித்திருக்கலாம். வாத்தியார் அரண்டு போனார். மாமாதான் நிதானமாகச் சொன்னார்.

"நீதானேடா வாத்தியாரைக் கேளுன்னு சொன்னே?"



கிணற்றை மூடினது யார் என்று கேட்டேன். அப்போது வீட்டில் பின்கட்டு வேலை பார்த்த காண்ட்ராக்டர். தானே ஆள் வைத்து மூடித் தருகிறேன் என்று வலிய வந்து சொன்னாராம். கிணறு கிடக்கட்டும் என்று மாமாவின் அப்பா சொல்லியும் கேட்கவில்லையாம். அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் காணாமல் போன கொத்தனார் வேலை பார்த்தான் என்பது பழைய கோப்பிலேயே இருந்தது. நேமத்தில் அந்த ஆளின் வீட்டைத் தேடிப் போனேன். ஹாலில் மாலை போட்ட போட்டோவாக இருந்தார். முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்தாராம். மகன் நல்ல பையன், எனக்குச் சாயா கொடுத்தான், எந்தா சார் விஷயம் என்று கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல? ஒரு பழைய கட்டட விஷயம் என்று மழுப்பிவிட்டு வந்தேன். எதற்காகக் கொன்றார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த தடவை அந்தப் பெண் வந்தபோது அவளைத் திருவல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன், என் போன் விஷயத்தைத் தவிர. அவர்தாம்மா, எனக்குச் சந்தேகமே இல்லை என்றேன். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே, "அப்போ அவுக வரத்தான் இருந்திருக்காக" என்றாள். அந்த முகத்தில் வந்தது சந்தோஷம்தான். அதற்கு வேறு பேர் எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அறைந்து கழுவிக்கொண்டு வந்தாள். பேப்பர் எப்போ ஐயா கிடைக்கும் என்று கேட்டாள்.

எங்கள் டி.வைஎஸ்.பி. நல்லவர். கோப்பை முழுக்கப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். எலும்பு இல்லை, கம்பி இல்லை, தூக்குவாளி இல்லை, செய்தவனும் இல்லை, மரணம் என்று எதை வைத்து எழுதுவாய் என்றார். எழுதலாம் சார், கொத்தனாரும் மாமாவும் வாத்தியாரும் சாட்சி சொல்லட்டும் என்றேன். சொல்லட்டும், சொன்னால் தடயத்தை அழித்ததற்கு மாமாவும் வாத்தியாரும் உள்ளே போவார்கள், அவர்கள் வாயைத் திறந்தால் அடுத்தது யார் என்று உனக்கே தெரியும், பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. மாமாவுக்கு எழுபத்தெட்டு வயசு, ஹார்ட் ஆபரேஷன் ஆனவர். அவரை நினைத்துத்தான் பின்வாங்கினேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என்னை நினைத்துத்தான்.

இறுதி அறிக்கையை நானே எழுதினேன். மலையாளத்தில் ஒன்றரைப் பக்கம். எலும்பு கிடைத்ததாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை. மேற்படி நபர் சொந்த விருப்பத்தின்பேரில் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம் என்று கருதப்படுகிறது. கீழே என் கையெழுத்து. புகார் கொடுத்தவளுக்கு ஒரு நகல் போக வேண்டும் என்பது விதி, தபாலில் போயிற்று.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் போன் வந்தது. அந்தப் பெண்தான். பேப்பர் வந்திருச்சு ஐயா, மலையாளத்துல இருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க என்றாள். ஸ்டேஷன் கோப்பிலிருந்த பிரதியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். வாசித்தேன். கிணற்றில் கிடைத்த எலும்புகள் இவருடையவை, இவர் கொலை செய்யப்பட்டிருக்கிறார், குடும்பத்தை விட்டு ஓடிப் போகவில்லை என்பது விசாரணையில் தெளிவாகிறது. நிறுத்தி நிதானமாக, சர்க்கார் பாஷை மாதிரியே வாசித்தேன். பேப்பரில் இல்லாத ஒவ்வொரு வார்த்தையும் கோர்வையாக வந்தது.



"எங்க ஊர்ல புனலூர்ப் பக்கம் இருந்துட்டு வந்த, மலையாளம் வாசிக்கத் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தவுக இருக்காக. நேத்தே வாசிச்சுச் சொல்லிட்டாக. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் கூட இருந்து கேட்டாக" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உங்க வாயில வந்தது ஏன் ஐயா உங்க கையில வரல?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆறாட்டு, விசில், அரை நிமிஷ போன், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவள் போனை வைக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான்தான் வைத்தேன்.