நெகட்டிவ் இல்லாத கேமரா

பெண் பார்க்கக் கொடுக்கும் படம் எடுத்தால் நெகட்டிவையும் கொடுத்துவிட வேண்டும். திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் இது கறாரான வழக்கம். வயசுப் பெண்ணின் முகம் அடுத்தவன் கடையில் கிடக்கக் கூடாதாம். பெண்ணின் அப்பா அருப்புக்கோட்டையில் என் ஸ்டூடியோவுக்கு வந்து, முதல் வேலையாக நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு அது அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். எனக்கும் அதுதான் நிம்மதி.

டிஜிட்டல் கேமராவை நான் மனசார வாங்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், வாங்கித் தொலைத்தேன். பிலிம் என்றால் கையில் ஒரு பொருள் இருக்கும். இதிலோ சின்னதாக ஒரு கார்டைக் காட்டி, படமெல்லாம் அதற்குள் இருக்கிறது என்றார்கள். நான் அதை நம்பாமல்தான் வைத்திருந்தேன்.

அந்தக் கேமராவில் நரிக்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவரின் மகளைப் படம் எடுத்தேன். ஒரே ஒரு பிரிண்ட் போதும் என்று சொல்லியிருந்தார். வாங்க வந்தவர் கையை நீட்டினார்.

“நெகட்டிவ் எங்க தம்பி?”

“இதுல நெகட்டிவே கெடையாதுண்ணே.”

“அப்ப எம்புள்ள மொகம் எங்க இருக்கு?”

கம்ப்யூட்டரில் அழித்தேன். கேமராவிலும் அழித்து, வெறும் திரையைக் காட்டி, “போயிருச்சுண்ணே” என்றேன்.

“எங்க போச்சு?”

என்ன மனுஷன் இவர் என்று எரிச்சலாக வந்தது. அவரோ கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

சில மாதம் கழித்துத் திரும்ப வந்தார். படத்தை வாங்கிய இடத்தில் சம்பந்தமும் அமையவில்லை, படமும் திரும்பவில்லை. இப்போது நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது. மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து, கிளம்பப் போகிறார். பெண்ணுக்கோ அம்மை போட்டு முகமெல்லாம் கொப்புளம், புதிதாகப் படம் எடுக்க வழியில்லை.

“நீ ஒரு காப்பி வச்சிருப்பேல்ல?” என்றார்.

சத்தியம் வாங்கிய வாயா இது என்று கோபம் வந்தது. “இல்லண்ணே, அழிச்சிட்டேன்ல” என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, கார்டை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

அழித்ததைத் தேடி எடுக்கக் கடைக்காரப் பையன் எதையோ ஓடவிட்டான். திரையில் அந்தப் பெண் வந்தாள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவளோடு நிற்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண், அதற்கடுத்த ஊர்ப் பெண் என்று வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாம், ‘போயிருச்சு’ என்று நான் சொல்லி அனுப்பிய படங்கள்தான்.

வேண்டிய படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, “மத்ததெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிரு” என்றேன். எதையோ தட்டி, “போயிருச்சுண்ணே” என்றான். நான் குனிந்து அவன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பார்த்தேன்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும் சம்சாரி மகள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அழிச்சது எப்பிடித் தம்பி வந்துச்சு?”

நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப அந்தக் கடைக்காரன்கிட்ட இருக்குமே?”

“இல்லண்ணே, என் கண்ணு முன்னாலதான் அழிச்சான்.”

படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“நீயும் என் கண்ணு முன்னாலதான தம்பி அழிச்ச.”