சம்பந்தி வீட்டு ஆட்டுத் திருடன்

அமெரிக்காவில் எடிசன் நகரத்தில் குடியிருக்கும் சாந்தாமணி விசாரிக்காமல் எதையும் வீட்டுக்குள் விடமாட்டாள். ஒரு மிக்ஸி வாங்கவே நாலு வீட்டில் துருவித் துருவிக் கேட்டவள், மாப்பிள்ளை விஷயத்தில் சும்மா இருப்பாளா? மகள் யாமினி கட்டிக்கொள்ளப் போவது சிட்னிக்கார டேனியலை. சொந்த ஊர் கோபிசெட்டிபாளையமாக இருந்தால் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மூன்று தலைமுறையையும் கொட்டிவிடுவார்கள். சிட்னியில் யாரைப் போய்க் கேட்பது?

கல்யாணப் பத்திரிகையில் ‘இன்னாரின் பேரன்’ என்று போடுவதற்காக, டேனியலின் அம்மா ஹெலனிடம் தாத்தா பெயரை வாங்கியிருந்தாள்; அப்படியே முன்னோரையும் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பில் மேலே மேலே ஏறினாள். பிறப்பு, கல்யாணம், சாவு என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்கக் கிறுக்கே பிடித்துவிட்டது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கடைசியில் தாமஸ் விட்லாக் என்பவனிடம் போய் முட்டி நின்றாள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஆடு திருடி மாட்டிக்கொண்டு, பதினாலு வருஷத் தண்டனையோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதி. குள்ளம், முகத்தில் அம்மைத் தழும்பு, இடது கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. கைதிகள் பதிவேட்டில் எதையும் விடாமல் எழுதி வைத்திருந்தார்கள்.

சாந்தாமணி லேப்டாப்பைப் பட்டென்று சாத்தினாள். அவள் கணவர் வெள்ளியங்கிரி கௌரவம் என்றால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர். தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் வீடியோ காலில் ஹெலன், ஏதாவது கிடைத்ததா என்று கேட்டதும், பொய் சொல்ல வராமல் எல்லாவற்றையும் உளறிவிட்டாள்.

ஹெலன் போட்ட கூச்சலில் வெள்ளியங்கிரி சோபாவிலிருந்து எழுந்து ஓடி வந்தார். பார்த்தால் அந்த அம்மாள் சந்தோஷத்தில் அழுகிறாள். அங்கே கைதி வம்சம் என்றால் பெருமையாம். பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுத் திருடனைச் சொல்லியே இத்தனை காலம் பீற்றிக்கொண்டாளாம். பத்திரிகையில் தாமஸ் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்றாள்.

வெள்ளியங்கிரி தாடையைத் தடவினார்.

“அவங்களே proud-ஆ சொல்றாங்க. நாம எதுக்கு hide பண்ணோணும்? போடு.”

மறுநாளே எடிசன் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் நின்று, சம்பந்தி வீட்டு ஆட்டுத் திருடனைப் பற்றி அவரே அளந்துகொண்டிருந்தார். கல்யாணம் நிற்காது என்று தெரிந்த நிம்மதியில் சாந்தாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் ஹெலன் ஆசையாக இன்னொன்று கேட்டாள். பெண் வீட்டுப் பக்கமும் அதே காலத்து முன்னோர் ஒருவரைப் போட வேண்டுமாம்.

சாந்தாமணி உட்கார்ந்து யோசித்தாள். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா. அதற்கு மேல் பெயர்கூடத் தெரியவில்லை. வெள்ளியங்கிரி பக்கமும் அதே கதைதான். ஒரு வம்புதும்புக்கும் போகாமல் காட்டை உழுது செத்துப்போனவர்களின் உயரத்தையும் தழும்பையும் எவன் எழுதி வைத்தான்? யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பச்சை வரைக்கும் தெரிந்தவளுக்குத் தன் ஆட்களைத் தெரியவில்லை. சிரிப்பும் துக்கமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க,” என்றாள் கணவரிடம். “நம்மாளுக ஒருத்தராச்சும் ஒரு கோழியையாவது திருடித் தொலைச்சிருக்கக் கூடாதா?”