குர்தி பேசிய மாப்பிள்ளை

என் சின்ன மாமா ஈராக்கின் வடக்கே, குர்து மக்கள் இருக்கும் மலைப்பக்கம், ரோடு போடும் வேலைக்குப் போனவர். திரும்பும்போது ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு பாஷையும் கொண்டு வந்தார். யாரைப் பார்த்தாலும் “சோனி?” என்பார். நல்லா இருக்கியா என்று அர்த்தமாம். மோட்டார் ரூம் சுவரில் கரித்துண்டால் என் பெயரைக் குர்தியில் எழுதிக் காட்டினார். பார்த்தால் அரபு எழுத்துதான். ஆனால் சில எழுத்துகளின் தலையில் குட்டிக் குல்லா.

“அரபியில இந்தக் குல்லா கெடையாதுலே. குர்துக சத்தத்துக்கு அது பத்தலைன்னு அவுகளா மாட்டிவிட்டது.”

எழுத்துக்கே குல்லா போடுகிறவர் எனக்குப் போடமாட்டாரா என்று சந்தேகம் வந்தது. ஊருக்கும் வந்திருந்தது. மாமா பம்பாயில் டீ ஆற்றிவிட்டு வந்து ஈராக் என்று அளப்பதாக எம்.ரெட்டியபட்டி வரைக்கும் பேச்சு. அது மாமாவுக்குப் பார்த்திருந்த பந்தல்குடிப் பெண்வீட்டையும் எட்டிவிட்டது. பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையைத் துருவி விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவர்கள் ஒருபடி மேலே போய், வீடு பார்க்க வந்த அன்று அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை பாய் ஒருவரையும் கூட்டி வந்தார்கள். அவரும் குர்துகளோடு வேலை பார்த்தவராம்.

கல்யாணம் நடந்தால் டேப் ரெக்கார்டர் எனக்கு என்று மாமா சத்தியம் செய்திருந்தார். ஆகப் பரீட்சை அவருக்கு, ரிசல்ட் எனக்கு.

பாய் கேசரித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, “சாவானி?” என்றார்.

மாமா விழித்தார். பிறகு, “சோனி?” என்றார்.

பாய் விழித்தார். நீளமாக ஏதோ சொன்னார். மாமா தலையைச் சொறிந்தார். மாமா பதிலுக்கு ஏதோ சொல்ல, பாய் காதைக் குடைந்தார். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான், டேப் ரெக்கார்டர் றெக்கை கட்டிப் பறப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. வாசலுக்குப் பாய்ந்தேன்.

“பஸ்ஸு வந்துருச்சு! பந்தல்குடி பஸ்ஸு!”

இதை விட்டால் அடுத்த பஸ் பொழுதுசாயத்தான் என்கிற ஊரில் யாரும் நின்று யோசிப்பதில்லை. பெண்வீட்டார் ஆளுக்கொரு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, வராத பஸ்ஸுக்காக வெயிலில் வேர்த்து வழிந்தார்கள். அப்பா ஒரு கையால் என் காதைத் திருகியபடி, மறு கையால் அவர்களைக் கும்பிட்டுத் திரும்பக் கூட்டி வந்தார்.

வந்து பார்த்தால் பாயும் மாமாவும் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன பாய், நெசமாவே போனவுகதானா?” என்றார் பெண்ணின் அப்பா.

“போகாமயா? அந்த மலையிலயே நான் வடக்க கெடந்தேன், மாப்ள தெக்க, சுலைமானியாப் பக்கம். அங்குட்டு ஒரு பேச்சு, இங்குட்டு ஒரு பேச்சு. என் சாவானியும் மாப்ள சோனியும் ஒண்ணுதான். யாழ்ப்பாணத்து ஆளு திடீர்னு பேசுனா நம்ம முழிக்க மாட்டமா? ரெண்டும் குர்திதான் அண்ணே. பம்பாயில டீ ஆத்துனா இது வராது. தைரியமா பொண்ணக் குடுங்க.”

உள்ளே பேச்சு முகூர்த்தத்துக்குத் தாவிவிட்டது. பாயும் மாமாவும் மோட்டார் ரூமுக்குப் போனார்கள். பாய் என் பெயரின் குல்லாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, கையைக் காலை ஆட்டி விளக்கி, விளங்கியதும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

நன்றாகத் தெரிந்த தமிழை விட்டுவிட்டு, பாதிகூடப் புரியாத பேச்சில் இரண்டு பெரிய மனிதர்கள் ஏன் இத்தனை மெனக்கெடுகிறார்கள், அதில் அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் டேப் ரெக்கார்டர் கை நழுவிவிடுமோ என்று கேட்கவும் இல்லை.