பின்வரிசைக் கதிரை

இன்று ஜும்ஆ தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்போது வலது முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

மிச்சத் தொழுகைக்காக, வயசாளிகளுக்குப் போட்டிருக்கும் பின்வரிசைக் கதிரைகள் பக்கம் மெதுவாக நழுவினேன். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றிருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தான், என்னோடு ஒரே வகுப்பில் படித்த நிஸாம். அவனுக்கும் நாற்பத்தேழுதான்.

தொழுது முடித்ததும் கேட்டான்: "கடை ஷட்டரை நீ ரெண்டு கையால தூக்குறப்பவே நெனச்சேன் மச்சான். காலையில வெரல் மடங்குதா?"

"பனிக்குக் கொஞ்சம் வெறைக்கும். அவ்வளவுதான்."

"இந்த வெயில்லயா பனி? நானும் இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் எண்ணெய் தேச்சேன். டொக்டர்கிட்ட போனப்ப, மூட்டுவாதத்தை ஏன் இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்கன்னு ஏசினாரு. நீ திங்கக்கிழமையே கிளினிக் போ."

கடைக்குத் திரும்பியும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. விரல்களை மடக்கி விரித்தபடியே இருந்தேன். ஆணி வாங்க வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "யாரோட கோபம் முதலாளி?"

திங்கட்கிழமை போகிறேன். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கதிரை அவ்வளவு சுகமாக இருந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதைப் படிக்கும் எங்கள் வகுப்புக்காரர்களில் இன்னும் நிலத்தில் உட்கார்ந்து எழுபவர்கள் யார் யார்? கை தூக்குங்கள், தோள் இடம் கொடுத்தால்.