பதினேழாம் கொக்கி

அக்காவின் உள்ளங்கையில் பதிந்திருந்த அந்த வட்டத் தடம் மறையச் சில நாள் ஆனது. பதினேழு என்று வெட்டிய பித்தளை வில்லையின் தடம் அது. பெங்களூருக்கு வெளியே ஒரு பெட்ரோல் சேமிப்புக் கிடங்கில் அவள் அதிகாரி. வாசலில் கைபேசியை ஒப்படைத்தால்தான் உள்ளே விடுவார்கள். பதிலுக்குக் காவலர் பலகையில் அவரவர் எண்ணுள்ள கொக்கியிலிருந்து வில்லையை எடுத்துத் தருவார், டோக்கன் என்பார்கள். திரும்பும்போது அதைக் கொடுத்துவிட்டுக் கைபேசியை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கொக்கி காலியோ, அந்த ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, நாட்டில் மாதாமாதம் எவ்வளவு கச்சா எண்ணெய் சுத்திகரித்தார்கள், எவ்வளவு டீசல் விற்றது, எவ்வளவு கையிருப்பு என்று அறிக்கை எழுதுகிறவன். கையிருப்பு என்பது எனக்குத் திரையில் ஒரு கோடு. அக்காவுக்கு அது மாதக் கடைசியில் தொட்டியின் உச்சிக்கு ஏறி, மூடியைத் திறந்து, அளவுநாடாவை இறக்கிப் பார்ப்பது. கருவி தானாக அளந்தாலும் ஆள் ஏறிச் சரிபார்த்தாக வேண்டும். சின்ன வயதில் எங்கள் அல்சூர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஏறியதும் அவள்தான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவேன்.

அன்றும் மாதக் கடைசி. கோடைமழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மதியம், கிடங்கில் மின்னல் தாக்கித் தீ என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். டாக்ஸியில் வழியெல்லாம் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கைபேசி வாசல் அலமாரிக்குள் அடிக்கிறது என்று தெரிந்தும் கூப்பிட்டேன். தூரத்தில் கரும்புகை தெரிந்தபோதும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

வாசலில் காவலரிடம் அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவர் பலகையைக் காட்டினார். மற்ற கொக்கிகளில் எல்லாம் வில்லை திரும்பியிருந்தது. பதினேழு மட்டும் காலி. "மேடம் ஒளகடெ இதாரெ" என்றார். உள்ளே இருக்கிறார். அந்த வெறும் கொக்கியைப் பார்த்தபடி நின்றேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது மதிலை ஒட்டி யாரோ ஓடி வந்தார்கள். அக்கா. தொட்டிப் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தவள், மின்னல் விழுந்ததும் பின்பக்க அவசர வாசல் வழியாக வெளியேறியிருக்கிறாள். கையை இறுக மூடியிருந்தாள். நான் அழ ஆரம்பித்தேன். அதற்குள் காவலர் பதறிப்போய்ச் சொன்னார், டெப்போ மேலாளர் பலகையைப் பார்த்துவிட்டு, டோக்கன்கூட வாங்காமல், அவளைத் தேடி உள்ளே போயிருக்கிறாராம்.

அக்கா வாசலை நோக்கித் திரும்பினாள். "நான் வெளிய இருக்கேன்டா. அவருக்கு யாராவது சொல்லுங்களேன்" என்றாள். சொல்ல வழியில்லை, அவர் கைபேசியைக் காவலர் மேசையில் போட்டுவிட்டுத்தான் ஓடியிருந்தார். உள்ளே போகப் பாய்ந்தவளைக் காவலரும் நானும் பிடித்து வைத்தோம். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

கடைசியில் மேலாளர் வந்தார், முகமெல்லாம் கரி, ஓயாத இருமல். அக்காவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவள் விரல்களைப் பிரித்து டோக்கனை எடுத்து, எழுந்து போய், தானே கொக்கியில் மாட்டினார்.

அந்த மாத அறிக்கையையும் நான்தான் எழுதினேன். அந்தத் தீயால் நாட்டின் கையிருப்புக் கோடு மயிரிழைகூட அசையவில்லை.

அக்கா இப்போதும் அதே கிடங்கில்தான் இருக்கிறாள். இன்றும் மாதக் கடைசி, காலையிலிருந்து மழை மூட்டம். வேலையே ஓடாமல் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"டோக்கனைக் குடுத்துட்டேன்டா."

"கொக்கியில மாட்டினாங்களா, பாத்தியா?"

பெருமூச்சு விட்டாள். "இரு" என்றாள். அவள் திரும்பி நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை.