கீழ்வீட்டு பீரோ

திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு வெட்டி வளைத்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. எந்த ஆர்டர் என்றைக்குப் போக வேண்டும், அதற்கான தகடு என்றைக்கு வர வேண்டும் என்று அட்டவணை போட வேண்டும். கடைசி நேரத்தில் கடைக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவளிடம் போய், பிள்ளை பிறக்கிற வரை ஒரு துண்டுகூட வாங்காதே என்றால் எப்படி இருக்கும்?

சொன்னவர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அம்மா உயிரோடு இல்லை என்பதால் பிரசவத்துக்கு எனக்குப் பிறந்தவீடு கிடையாது. தாம்பரத்தில் எங்கள் முதல்மாடி வீடுதான். "பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நூல்கூட உள்ள வரக் கூடாது" என்றார். பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏனென்றால் இது இரண்டாவது கர்ப்பம். முதல் தடவை நாலாம் மாதமே மார்க்கெட்டில் ஒரு ஜோடி மஞ்சள் காலுறை வாங்கி வந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். ஐந்தாம் மாதம் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஃபிரிட்ஜ் மேல் ஒன்றுமில்லை. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

இந்தத் தடவை அத்தை குழந்தையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தொட்டில் எங்கே கட்டலாம், என்ன பெயர் வைக்கலாம், ஊஹூம். நானாகக் கேட்டால், "மொதல்ல நல்லபடியா ஆகட்டும்" என்பார். ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தினார், கை நிறைய வளையல் அடுக்கினார், மறுநாளே பழையபடி ஆகிவிட்டார். இந்தக் குழந்தை வரும் என்று இந்த வீட்டில் நம்புகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து அழுதேன். கணவரிடம் சொன்னால், "அம்மா அப்படித்தான், விடு" என்றார். அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு ஒரு வழி தோன்றியது. எங்கள் வீட்டுக்குள்தானே வரக் கூடாது? கீழ்வீட்டு அக்காவிடம் போனேன். அவர் கணவருக்கு மார்க்கெட்டில் செருப்புக்கடை.

"அக்கா, ஒரு பை வெச்சுக்கணும். அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது. சத்தியமா."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "குடும்மா. பீரோல எடம் இருக்கு."

வாரம் ஒரு சாமானாக வாங்கினேன். கீழேயே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நல்ல பிள்ளை மாதிரி படியேறுவேன். துண்டு, நாப்கின், கொசுவலை, குல்லா, எல்லாவற்றுக்கும் போனில் பட்டியல். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நகராவிட்டால் எந்தத் தெரு வழியாக ஆஸ்பத்திரி போவது என்பதுகூட அதில் இருந்தது. அக்கா வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக, ஒரு ஞாயிறு காலை, தோசை வார்க்கும்போது பனிக்குடம் உடைந்தது. கணவர் ஆட்டோவுக்கு ஓடினார். அத்தை என்னைப் பிடித்துப் படியிறக்கினார். கீழ்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணம் என்று அக்கா சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் நின்றுவிட்டேன். அத்தையும் நின்று பூட்டையே பார்த்தார். "ஐயோ" என்றார். என் வலியைப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. "கொழந்தைக்குத் துணி குடுங்கம்மா" என்று நர்ஸ் கேட்டார். எங்களிடம் இல்லை. "ஒண்ணுகூடவா எடுத்துட்டு வரல? படிச்சவங்கதானே?" என்று திட்டிவிட்டு, ஆஸ்பத்திரித் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தார். எனக்கு மானம் போயிற்று. அத்தையைப் பார்த்து, "எல்லாம் உங்களாலதான். உங்களுக்கு இவ வருவான்னு நம்பிக்கையே இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் போன் செய்து சொல்லியிருந்ததால், சாயங்காலம் அக்கா கல்யாணப் பட்டுப்புடவையோடு வீட்டுக்குப் போய், அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் இரண்டு பை. ஒன்று என்னுடைய நீலப் பை. இன்னொன்று துணிக்கடை மஞ்சள் பை. நான் பார்த்ததே இல்லை.

"இது யாருதுக்கா?"

அக்கா அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ அவங்களுக்குத் தெரியக் கூடாதுங்கற, அவங்க உனக்குத் தெரியக் கூடாதுங்கறாங்க. உங்க ரெண்டு பேர் நடுவுல எனக்குத்தான் பேஜாரு."

பையைத் திறந்தேன். மாமனாரின் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்து, ஓரம் தைத்து மடித்திருந்தது. தொட்டிலுக்கு ஒரு நூல் புடவை. அடியில், பேப்பரில் சுற்றி, அந்த மஞ்சள் காலுறை.

"எப்ப குடுத்தாங்க?" என்றேன்.

"நீ ஏழாம் மாசம் வந்த. அவங்க உனக்கு நாள் தள்ளிப்போன வாரமே வந்துட்டாங்க."

அத்தை எழுந்து வந்து என் கையிலிருந்து காலுறையை வாங்கினார். குழந்தையின் காலில் ஒவ்வொன்றாக மாட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை.

"கொஞ்சம் பெருசா இருக்கு" என்றார். "பரவால்ல, வளந்துடுவா."